உள்ளி போடுவதற்கு முன்னால்

எங்கள் பக்கம் பூனைக்குப் பூச்சை என்றுதான் பெயர். பாறசாலையிலும் பூச்சை, எல்லை தாண்டிக் களியக்காவிளையிலும் பூச்சை. 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு தமிழ்நாட்டுக்குப் போயிற்று, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. இந்தச் சொல்லை மட்டும் யாரும் பாகம் வைக்கவில்லை.

பிளஸ் டூ முடித்த கையோடு நான் ஒரு மாட்டுத் தீவனக் கடையில் சேர்ந்தேன். புண்ணாக்கு, தவிடு, கோழித் தீவனம், ஓரமாக நாய்க்கும் பூச்சைக்குமான மூட்டைகள். முதலாளியை எல்லாரும் ஆசான் என்பார்கள். களரியும் வர்மமும் சொல்லித்தருகிற ஆசான் அல்ல. பசுவுக்குக் கொஞ்சம் கைமருந்து தெரியும், அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். மூட்டை தூக்கவும் எடை போடவும் ஒரு வாரத்தில் பழகிவிட்டேன். பூச்சைக்கு என்ன கொடுக்கலாம் என்று கேட்டு வருகிறவருக்குப் பதில் சொல்லப் படிக்க ஒரு வருடம் பிடித்தது.

இரண்டாவது மாதமே சறுக்கினேன். மூன்று பூச்சை வளர்க்கும் அக்கா ஒருவர் வந்து, பூச்சை மூட்டையின் விலையைக் கேட்டுப் பின்வாங்கினார். ஆசான் சாப்பிடப் போயிருந்தார். பக்கத்திலேயே நாய்த் தீவனம், கிலோ பாதி விலைக்கு. “இதும் அதும் ஒண்ணுதான் அக்கா, பூச்சை நல்லாத் தின்னும்” என்று பத்து கிலோ மூட்டையை எடுத்துக் கொடுத்தேன். வியாபாரம் படிந்துவிட்டது என்று உள்ளுக்குள் ஒரு மிதப்பு. ஆசான் வந்து கணக்கு நோட்டைப் பார்த்தார்.

“யாருக்குலே நாய்த் தீவனம்? அவளுக்க வீட்டுல நாயே கிடையாதே.”

திட்டவில்லை. சைக்கிளை எடுக்கச் சொன்னார். இஞ்சிவிளை தாண்டிப் போய், வாய் பிரித்த மூட்டையைத் திரும்ப வாங்கி, இரண்டு கிலோ பூச்சைத் தீவனமும் மீதிப் பணமும் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த மூட்டையைக் கடைவாசல் நாய் ஒன்றரை மாதம் தின்றது. காசு என் சம்பளத்தில் கழிந்தது.

கடை சாத்தும்போதுதான் காரணம் சொன்னார். டாரின் என்று ஒரு சத்து. நாய் பெரும்பாலும் அதைத் தன் உடம்பிலேயே செய்துகொள்ளும். பூச்சைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மீனும் இறைச்சியும் தின்றுதான் சேர்க்க வேண்டும். அது குறைந்தால் கண்ணின் விழித்திரை கெடும், இதயம் தளர்ந்து வீங்கும். மிருகாசுபத்திரி டாக்டர் சொல்லிக்கொடுத்த அந்த அளவோடு ஆசானின் படிப்பு முடிந்தது. மீதியைப் பிறகு நானே தேடிப் படித்தேன். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பால் பியான் என்ற கால்நடை மருத்துவரும் உடன் இருந்தவர்களும் 1987-இல் வெளியிட்ட ஆய்வு அது. கம்பெனித் தீவனம் தின்று வளர்ந்த பூனைகளுக்கே டாரின் குறைந்து இதயம் கெட்டிருந்தது. டாரின் கொடுத்ததும் தேறியது. கம்பெனிகள் அதன் பிறகுதான் அளவைக் கூட்டின. பத்து கிலோ நாய் மூட்டையைச் சும்மாவா திருப்பி வாங்கச் சொன்னார்?

அதற்குப் பிறகு மூட்டையின் முன்பக்கத்தை நான் பார்ப்பதே இல்லை. படத்தில் சால்மன் துள்ளும். விஷயம் முதுகில் பொடி எழுத்தில் இருக்கும். அமெரிக்க அளவுகோலின்படி ஈரம் நீக்கிய தீவனத்தில் வளர்ந்த நாய்க்குக் குறைந்தது 18 சதவீதம் புரதம் போதும். வளர்ந்த பூச்சைக்கு 26, குட்டிக்கு 30. ஈரத் தீவனப் பாக்கெட்டில் புரதம் 10 என்று போட்டிருப்பதைப் பார்த்து, இது எதற்கு உதவும் என்று ஒருநாள் கேட்டேன். ஆசான் புண்ணாக்குச் சாக்கின் மேல் சாக்கட்டியால் எழுதினார்: ஈரம் 80, மிச்சம் 20, அந்த இருபதில் புரதம் 10. பாதிக்குப் பாதி! அத்தோடு ‘முழுமையான சமச்சீர் உணவு’ என்ற பொருளில் வாசகம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் அது கொறிக்கக் கொடுக்கிற பண்டம், சாப்பாடு அல்ல.

ஆனால் எங்கள் ஊரில் மூட்டையை மட்டும் நம்பிப் பூச்சை வளர்ப்பவர் யார்? அதனால் எத்தனை மாசம், ஆணா பெண்ணா, காயடிச்சதா என்று கேட்டுவிட்டு ஆசான் கடைசியாகக் கேட்பார்: “வீட்டுல என்ன மீன் வாங்குவிய?”

சாளை, நெத்தோலி என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். “பச்சையா போடுவியளா?” என்று அடுத்த கேள்வி. இந்த இனத்து மீன்கள் பலவற்றில் பி1 வைட்டமினை அழிக்கும் ஒரு நொதி உண்டு. வேகவைத்தால் அது போய்விடும். பச்சை மீனே கதியென்று கிடந்த ஒரு பூச்சையைக் கூடையில் வைத்துக் கொண்டுவந்தார்கள். தலை மார்பில் கவிழ்ந்து கிடந்தது, நிமிர்த்தினால் மறுபடி விழுந்தது, நடக்கவிட்டால் குடிகாரன் போலச் சாய்ந்தது. ஆசான் தீவனம் எதையும் எடுக்கவில்லை. ஆட்டோ பிடித்து மிருகாசுபத்திரிக்கு அனுப்பினார்.

வேகவைத்தாலும் மீன் மட்டுமே போதாது. நெய் மிகுந்த மீனையே தினமும் தின்றால் வைட்டமின் ஈ குறைந்து, தோலுக்கடியில் கொழுப்பு மஞ்சளித்துக் கட்டிப்படும், தூக்கினாலே பூச்சை கத்தும். மீன்கறிச் சோறு இன்னும் மோசம். சின்ன உள்ளியும் பூண்டும் பூச்சையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். “உள்ளி போடுகதுக்கு முன்னால பூச்சைக்குள்ளதை எடுத்து வச்சிரணும்” என்று ஆசான் சொல்லாத நாள் கிடையாது. உப்பும் வத்தலும் அதற்குப் பிறகுதான்.

ஜூன் 9 நள்ளிரவிலிருந்து ஜூலை 31 வரை கேரளத்தில் இழுவைப் படகுகளுக்குத் தடை, 52 நாள். மீன் விலை ஏறும், எங்கள் கடையில் பூச்சை மூட்டை ஓடும். அந்தச் சமயத்தில்தான் தப்பும் நடக்கும். மீன் தின்ற வாய்க்கு ஒரே நாளில் உலர்தீவனத்தைக் கொட்டுவார்கள். அது முகர்ந்து பார்த்துவிட்டுப் பட்டினி கிடக்கும். ஒரு வாரம் கலந்து கலந்துதான் மாற்ற வேண்டும். கொழுத்த பூச்சை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே ஈரல் கெட்டுவிடும்.

பாலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பாற்கடலை நக்கிக் குடித்துவிடலாம் என்று போன பூசையோடு கம்பர் அவையடக்கத்தில் தம்மை ஒப்பிட்டுக்கொண்டார். அந்தப் பூசை நம் பூச்சைதான். முழுக்கக் குடித்திருந்தால் வயிற்றோட்டம் நிச்சயம். வளர்ந்த பூச்சைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது.

பாலுக்கு இருக்கும் ஆசை அதற்குத் தண்ணீரில் கிடையாது. பாலை நிலத்துக் காட்டுப்பூனையின் வம்சம், தாகம் குறைவு. உலர்தீவனம் மட்டுமே தின்னும் கடுவன் மூத்திரம் போக முக்கிக்கொண்டு உட்கார்ந்தால் விடியட்டும் என்று இருக்கக் கூடாது; அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் செத்துப்போகும்.

இப்போது கல்லாவில் நான் உட்காருகிறேன். ஆசான் பின்னால் நாற்காலியில் இருந்து நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பார். யார் வந்தாலும் இதை மறக்காமல் சொல்வேன், உங்களுக்கும் சொல்கிறேன்: உப்பும் உள்ளியும் போடாமல் சாளையை அவித்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். மீனிலிருக்கும் டாரினில் ஒரு பங்கு அந்தத் தண்ணீரில்தான் இறங்கியிருக்கும். ஆறவைத்து உலர்தீவனத்தில் ஊற்றி வையுங்கள்.