ஓர் இரவின் விருந்தாளி

கணவனும் மனைவியும் கொழும்பிலே ஒரு பெரிய ஹோட்டலில் ஓர் இரவு தங்கிவிட்டு வந்தார்கள் என்பது எழுதுவதற்குரிய சங்கதியா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். எங்கள் பக்கத்தில் புருசன் பெஞ்சாதியின் அன்பு என்பது, அவன் வாடியிலிருந்து கொண்டுவரும் மீனிலும் அவள் அவனுக்கென்று எடுத்துவைக்கும் நடுத்துண்டிலும் தெரியவேண்டியது. அதை வாயால் சொல்வதே கூச்சம். பத்திரிகையில் எழுதுவது அதைவிடக் கூச்சம். ஆனாலும் அந்தப் பயணத்தில் நடந்த ஒரு சிறு காரியம் என்னை எழுதச் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

எங்கள் நிக்காஹ் நடந்தது 2004 இல். இரண்டாம் மாதம், மாமாவைக் கொழும்புப் பெரியாஸ்பத்திரியில் காட்டுவதற்காக மூவரும் போயிருந்தோம். மறுநாளும் வரச்சொன்னார்கள். மாலையில் மாமா ஒரு சொந்தக்காரர் வீட்டில் படுத்துவிட, நானும் அவளும் காலிமுகத்திடலுக்குப் போனோம். இஸ்ஸோ வடை வாங்கி, கடதாசியில் எண்ணெய் வடிய வடியத் தின்றுகொண்டு கடல் கட்டில் உட்கார்ந்திருந்தோம். திடலின் தெற்கு முனையில் அந்தப் பழைய கட்டடத்தில் விளக்குகள் எரியத் தொடங்கின.

"அது என்ன, கச்சேரியா?" என்று கேட்டாள்.

"கோல்பேஸ் ஹோட்டல்."

"அதுக்குள்ள ஆரு இருப்பாங்க?"

"ஒரு நாளைக்கு நாங்க இருப்பம்" என்றேன். புது மாப்பிள்ளை வேறு என்ன சொல்வான்? அவள் சிரித்தாள். நான் சொன்னதை நான் மறந்துபோனேன். அவள் மறக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியாது.

பிறகு நான் அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலைக்குத் தெரிவானபோது, அந்த இரண்டு வருடச் செலவுக்காக அவளுடைய நான்கு காப்புகளும் அடகுக்குப் போயின. திரும்பி வரவில்லை. மகள் பிறந்தாள், மகன் பிறந்தான். வீட்டின் பின்பக்கக் கூரை ஒவ்வொரு மாரிக்கும் ஒழுகியது. கடந்த 2024 இல் எனக்கு ஒரு சீட்டு விழுந்தது. கூரைக்கு என்று வைத்திருந்த காசு அது.

நவம்பர் மாதம் ஒரு நாள், மகளின் கைபேசியில் கொழும்புப் படங்கள் ஓடிக்கொண்டிருந்தன. "வாப்பா உம்மாக்கு இந்த ஹோட்டலில ஒரு கடன் வச்சிரிக்காரு" என்று அவள் மகளுக்குச் சொன்னது, கொப்பி திருத்திக்கொண்டிருந்த என் காதில் விழுந்தது. இருபது வருடம்! அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியை ஒரு இரவுக்குக் கொடுப்பது வீண்விரயம் இல்லையா என்று ஒரு மனம் கேட்டது. அந்த நான்கு காப்புக்கும் இருபது வருடத்துக்கும் என்ன கணக்கு வைத்திருக்கிறாய் என்று மறு மனம் கேட்டது. மனைவிக்கு உள்ள ஹக்கைப் பற்றி எத்தனையோ ஜும்ஆக்களில் கேட்டுத் தலையாட்டியவன் நான். டிசம்பர் விடுமுறையில் ஓர் அறைக்குச் சொல்லிவைத்தேன்.

இங்கே அவளுடைய பையைப் பற்றிச் சொல்லவேண்டும்.

அவள் மன்னார் எருக்கலம்பிட்டிக்காரி. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடபுலத்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றியபோது அவளுக்கு எட்டு வயது. அடைமழையில், திறந்த வள்ளத்தில், கற்பிட்டிக் கரைக்கு வந்து இறங்கியவர்களில் அவளும் ஒருத்தி. மாமா வளவு உறுதியையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களையும் சாறத்துக்குள் வயிற்றோடு கட்டிக்கொண்டு வந்தாராம். ஆலங்குடாவில் ஓலைக் குடிசையில் இருந்தபோது மாமி அவற்றைப் பொலித்தீனில் சுற்றி ஒரு சீலைப் பையில் போட்டுத் தைத்தார். நிவாரண அட்டையும் பின்னால் அதற்குள் போயிற்று. மாமா மவுத்தாகும்போது பை இவளிடம் வந்தது. அன்று தொடக்கம் அந்தப் பை இவளுடைய தலைமாட்டில்தான். பிரசவத்துக்குப் போனபோதும் கூடவே போனது. கல்யாண வீட்டுக்குப் போனாலும் மடியில் இருக்கும். "இனி எங்கேயும் ஓட வேண்டியதில்ல" என்று பலமுறை சொல்லிப் பார்த்தேன். "அண்டைக்கும் அப்பிடித்தான் நினைச்சம்" என்பாள். அதற்குமேல் பேச என்னிடம் ஒன்றும் இருக்காது.

நான் இந்தக் கரையில் பிறந்தவன். 1990 இல் பதினொரு வயது. பள்ளிக்கூடத்தை மூடி, எங்கள் வகுப்பறையில் அவர்களைக் குடியமர்த்தினார்கள். உம்மா பெரிய சட்டியில் சோறு ஆக்கி அனுப்ப, நான்தான் சுமந்து போனேன். ஊரே ஆக்கிப் போட்டது. 1344 இல் இப்னு பதூதா புத்தளக் கரைக்கு வந்தபோது ஆரியச் சக்கரவர்த்தி அவரை உபசரித்து, பாவா ஆதம் மலைக்குப் போவதற்குப் பல்லக்கும் ஆட்களும் கொடுத்து அனுப்பினார் என்பதை நான் இன்றும் வகுப்பில் பெருமையோடு படிப்பிக்கிறேன். விருந்தாளிக்கு வாசல் திறந்த கரை இது. ஆனால் விருந்து நீண்டால் என்ன ஆகும் என்பதை வரலாற்றுப் புத்தகம் சொல்வதில்லை. கிணற்றில், காணியில், கூலி வேலையில், பள்ளிக்கூட இடத்தில் பங்கு வந்தபோது, முதல் மாதம் விருந்தாளியாக இருந்தவர்கள் பிறகு 'அகதி' ஆனார்கள். நான் பெயர் செதுக்கி வைத்திருந்த வாங்கு அந்த மாரியில் விறகாகிப் போனதற்காக நானும் அந்தச் சொல்லை வாய் நிறையச் சொல்லித் திரிந்தவன்தான். இவளைப் பெண் பார்த்தபோது என் சொந்தத்தில் சொன்னார்கள்: "ஊரில பொண்ணா இல்ல, அகதி வீட்டுலயா எடுக்கிற?" அது இவள் காதுக்கும் போனது.

கற்பிட்டியிலிருந்து விடியற்காலை பஸ் ஏறி, சிலாபம், நீர்கொழும்பு என்று நின்று நின்று புறக்கோட்டையில் இறங்கி, ஓட்டோ பிடித்தோம். திடலைத் தாண்டும்போதே அவள் முகம் மாறிவிட்டது. காரணம் எனக்குத் தெரியும். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று மூன்று தேவாலயங்களிலும் மூன்று ஹோட்டல்களிலும் நடந்த குண்டுவெடிப்புகளில் 260 க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த ஹோட்டல்களில் ஒன்று இதே திடலுக்கு எதிரே நிற்கிறது. செய்தவர்கள் நம் பெயரை வைத்திருந்தார்கள். அந்த வருடம் ஒரு நகரத்துக் கடையின் வாசலில் ஒரு காவலாளி இவளுடைய அபாயாவைப் பார்த்துவிட்டு, பையைக் கொட்டச் சொன்னான். சீலைப் பையின் தையலையும் பிரிக்கச் சொன்னான். உறுதியும் நிவாரண அட்டையும் சீமெந்துத் தரையில் கிடந்தன. உள்ளே போகாமலே திரும்பினோம்.

"பிள்ளைட வாப்பா, திரும்பிப் போவமா?" என்றாள்.

"காசு கட்டியாச்சு" என்றேன். ஒரு வாத்தியாரால் அந்த நேரத்தில் சொல்லக்கூடிய ஆறுதல் அதுதான்.

வாசலில் வெள்ளைச் சீருடைக்காரர் கதவைத் திறந்து கைகூப்பினார். எல்லோருடைய பைகளும் போவதுபோல எங்கள் பைகளும் இயந்திரத்துக்குள் போய் மறுபக்கம் வந்தன. யாரும் எதையும் பிரிக்கச் சொல்லவில்லை. "எந்த ஊர், அக்கா?" என்று சிங்களத்தில் கேட்ட பெண், கற்பிட்டி என்றதும், "நல்ல காற்று இருக்குமே" என்று சிரித்தாள். அவ்வளவுதான். இவள் என் கையைப் பிடித்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். வெளியிடத்தில் அவள் என் கையைப் பிடித்தது அதுவே முதல் தடவை.

அந்தக் கதவைப் பற்றி நான் வாசித்திருக்கிறேன். கொட்டாரப்பட்டு சாத்து குட்டன் என்பவர் 1938 இல் கேரளத்திலிருந்து இலங்கைக்கு வந்து, 1942 இல் இந்த ஹோட்டலில் வேலைக்குச் சேர்ந்து, 2014 நவம்பரில் தம் 94 ஆவது வயதில் மவுத்தாகும்வரை இங்கேயே இருந்தார். நரைத்த பெரிய மீசையோடு வாசலில் நின்று விருந்தினரை வரவேற்ற அவருடைய படத்தைப் பத்திரிகைகளில் பலரும் பார்த்திருப்பார்கள். ஊர்விட்டு வந்த ஒரு மனிதர் எத்தனை ஆயிரம் பேருக்கு 'வாருங்கள்' என்று சொல்லியிருப்பார்! இவளுக்கு இதைச் சொன்னேன். "அவருக்குச் சொந்த ஊரில வீடு இருந்திச்சா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை.

ஹோட்டல் திறந்தது 1864 இல். சுவெஸ் கால்வாய் திறந்ததே 1869 இல்தான். ஆவிக்கப்பலில் வந்த வெள்ளைக்காரர்களுக்காகக் கட்டிய இடம். உயர்ந்த கூரையும், நடந்து நடந்து வழவழத்த மரத் தளமும், காலைச் சற்று மெதுவாக வை என்று நமக்கே சொல்கின்றன. எடின்பரோக் கோமகன் பிலிப் இளம் கடற்படை அதிகாரியாக இங்கிருந்தபோது 1940 இல் 12 பவுணுக்கு வாங்கிய பழைய கார் ஒன்றை உள்ளே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். ஆர்தர் சி. கிளார்க் தமது '3001' நாவலின் கடைசி அத்தியாயங்களை இங்கிருந்துதான் எழுதி முடித்தாராம். நான் இவற்றையெல்லாம் வகுப்பெடுப்பதுபோலச் சொல்லிக்கொண்டு போக, அவள் ஒரு பித்தளைப் பிடியைத் தொட்டுப் பார்த்து, "இத தினமும் மினுக்கிற ஆளுக்குக் கை நோகும்" என்றாள்.

அறைக்குள் போனதும் கிப்லா தேடினோம். சன்னலுக்கு வெளியே கடல். கிப்லாவும் அந்தப் பக்கம்தான். இவள் கடலை விரும்பிப் பார்ப்பவள் அல்ல. ஒரு பக்கம் களப்பும் மறுபக்கம் கடலுமாகக் கிடக்கும் எங்கள் ஊரில் இத்தனை வருடம் இருந்தும், வள்ளத்தில் வந்த அந்த இரவுக்குப் பிறகு கரைக்குப் போவதைத் தவிர்த்தே வந்திருக்கிறாள். மாலையில் கீழே கொடியிறக்கும் குழல் ஊதியது. சூரியன் விழுந்ததும் திரையை நான் இழுக்கப் போனேன். "இருக்கட்டும்" என்றாள். கடலைப் பார்த்தபடியே மஃரிபு தொழுதோம். ஸலாம் கொடுத்த பிறகும் அவள் முசல்லாவிலிருந்து எழவில்லை. "இந்தத் தண்ணிதானே அங்கயும்" என்று மட்டும் சொன்னாள்.

இரவுச் சாப்பாட்டுக்கு ஹோட்டல் விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டு, இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். வாசலைத் தாண்டித் திடலுக்குப் போய் இஸ்ஸோ வடையும் கொத்து ரொட்டியும் சாப்பிட்டோம். இந்த நடைபாதையை 1859 இல் முடித்த தேசாதிபதி ஹென்றி வார்ட், கொழும்பின் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் இதைப் பேணும்படி பின்வருவோரைக் கேட்டுக் கல்லில் வெட்டிவைத்தார். 2022 ஏப்ரலில் நோன்பு காலத்தில், போராட்டக்காரர்களோடு நம்மவர்களும் இதே திடலில் நோன்பு திறந்தார்கள். மற்ற மதத்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி குடித்த படங்களை இவளுக்கு நான்தான் காட்டினேன். இன்று பட்டம் விடும் பிள்ளைகள் மட்டும் இருந்தார்கள். அவள் திரும்பிப் பார்த்து, "நாங்க அண்டைக்கு இருந்து பாத்த விளக்கு இதுதான். இண்டைக்கு அதுல ஒண்டு எங்கட" என்றாள்.

படுக்கப் போகும்போது வழமைபோலச் சீலைப் பை தலைமாட்டுக்கு வந்தது. நான் அலுமாரிக்குள் இருந்த சிறு இரும்புப் பெட்டகத்தைக் காட்டினேன். நாமே இலக்கம் வைத்துப் பூட்டலாம் என்றேன். அவள் அதை மூன்றுமுறை பூட்டித் திறந்து பார்த்தாள். நான் இலக்கத்தைப் பார்க்காமலிருக்க முதுகைத் திருப்பிக்கொண்டாள். பிறகு பையை உள்ளே வைத்தாள். நாங்கள் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். பிள்ளைகளைப் பற்றி இல்லை, கூரையைப் பற்றி இல்லை. எருக்கலம்பிட்டி வீட்டு முற்றத்து வேப்பமரத்தைப் பற்றி, அதில் கட்டிய ஊஞ்சலைப் பற்றி. இருபது வருடத்தில் நான் கேட்டிராத கதைகள். மற்றவற்றை எழுதுவது முறையல்ல. சுபஹுக்கு என்னை எழுப்புகிறவள் அவள். அன்று நான்தான் அவளை எழுப்பினேன்.

காலையில் ஆப்பம் சுடுகிறவரின் கைவாக்கைப் பார்த்துக்கொண்டே மூன்று ஆப்பம் சாப்பிட்டாள். அறைக்குத் திரும்பிக் கட்டில் விரிப்பை மடித்து, தலையணைகளை அடுக்கி, மேசையைத் துடைத்தாள். "அதுக்கெல்லாம் ஆள் இருக்கு" என்றேன். "அண்டைக்கு உங்கட வகுப்பையும் நாங்க கூட்டித் துடைச்சிட்டுத்தான் குடுத்தோம்" என்றாள். எனக்கு அந்த வாங்கு ஞாபகம் வந்தது. இருபது வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்ததை அப்போது சொன்னேன். "தெரியும்" என்றாள். "பெயர் வெட்டின பலகை நல்லா எரிஞ்சிச்சு." இருவரும் வயிறு நோகச் சிரித்தோம்.

புறக்கோட்டையில் பஸ் புறப்பட இருந்தபோது அவள் மடியைத் தடவினாள். பிறகு என்னைப் பார்த்தாள். பை பெட்டகத்துக்குள்ளேயே இருந்தது.

ஓட்டோவில் திரும்பிப் போகும் வழியெல்லாம் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "முப்பத்து நாலு வருசம்" என்றாள், ஏதோ வேறொருத்தியின் கதையைச் சொல்வதுபோல. "மறந்துட்டேன் பாருங்க." அதே கதவு திறந்தது. அறை ஊழியர் கூடவே வந்து நின்றார். அவள் இலக்கத்தை அழுத்தினாள். பை வைத்தபடியே இருந்தது.

இம்முறை பஸ்ஸில் அதை என் மடியில் வைத்துவிட்டுச் சன்னலில் தலைசாய்த்துத் தூங்கிப்போனாள். பாலாவிச் சந்தி வரும்வரை விழிக்கவில்லை.

இந்த மாரிக்கும் கூரை ஒழுகுகிறது. அடுத்த சீட்டுக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பை இப்போது தலைமாட்டில் இல்லை. அலுமாரியின் மேல்தட்டில், ஒழுக்கு விழாத பக்கமாக வைத்திருக்கிறாள்.