அழகாகிவிடக் கூடாத சுவர்

பெத்லகேம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது மாட்டுத்தொழுவமும் நட்சத்திரமும்தான். இயேசு பிறந்ததாக நம்பப்படும் இடத்தில் எழுந்த தேவாலயம் இன்றும் அங்கே இருக்கிறது. அங்கிருந்து வடக்கே சுமார் 2 கிலோமீட்டர் நடந்தால், எதிரே சாம்பல் நிறக் கான்கிரீட் சுவர். உயரம் 8 மீட்டர். நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கும்.

தற்கொலைத் தாக்குதல்களைத் தடுக்க என்று சொல்லி 2002-ல் மேற்குக்கரையில் இஸ்ரேல் கட்டத் தொடங்கிய சுவர் இது. தங்கள் வயலையும் ஆலிவ் தோப்பையும் பிரித்துவிட்டது என்கிறார்கள் பாலஸ்தீனர்கள். பாலஸ்தீன மண்ணுக்குள் சுவர் கட்டுவது சட்டவிரோதம் என்று 2004-ல் சர்வதேச நீதிமன்றம் கருத்துச் சொன்னது. சுவர் அசையவில்லை.

அசையாத அந்தச் சுவரில்தான் ஓவியங்கள் ஏறின. பெயர், முகம் எதையும் வெளியில் காட்டாத பிரிட்டிஷ் ஓவியர் பேங்ஸி 2005-ல் இங்கு வந்து வரைந்தார். அருகே ஒரு கட்டடத்தில் அவர் வரைந்த, குண்டு துளைக்காத சட்டை போட்ட வெள்ளைப்புறா உலகப் புகழ் பெற்றது. ஆனால், சுவரில் வரைந்துகொண்டிருந்தபோது பெரியவர் ஒருவர் வந்து, 'இந்தச் சுவரை அழகாக்குகிறாய். எங்களுக்கு இது அழகாக வேண்டாம்' என்ற பொருளில் சொல்லி, ஊருக்குத் திரும்பிப் போகச் சொன்னாராம். பேங்ஸியே சொன்ன சம்பவம் இது. பெரியவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. சிறையை வண்ணம் பூசி ரசிக்க முடியுமா? இந்த விவாதம் அங்கே இன்னும் ஓயவில்லை.

சுவரில் திரும்பத் திரும்பத் தெரியும் ஓர் உருவத்தைப் பற்றி மட்டும் யாரும் சண்டை போடுவதில்லை. கிழிந்த சட்டை, வெறுங்கால், பின்னால் கட்டிய கைகள், முதுகைக் காட்டி நிற்கும் சிறுவன். பெயர் ஹண்டாலா. கார்ட்டூனிஸ்ட் நாஜி அல்-அலி 1969-ல் உருவாக்கியது. 1948-ல் சொந்தக் கிராமத்தை இழந்து அகதியானபோது நாஜிக்கு வயது 10 தான். அதனால் ஹண்டாலாவுக்கும் எப்போதும் 10 வயது. 1987 ஜூலையில் லண்டனில் நாஜி சுடப்பட்டார். அடுத்த மாதம் இறந்தார். சிறுவன் மட்டும் வளராமல் நிற்கிறான்.

சுவர் வருவதற்கு வெகு முன்பே இந்தப் போராட்டம் தொடங்கிவிட்டது. பெத்லகேமிலிருந்து ரமல்லா நகரம் நேர்க்கோட்டில் 20 கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம். நடுவில் ஜெருசலேம் இருப்பதால், அனுமதிச்சீட்டு இல்லாதவர்கள் மலைப்பாதையில் சுற்றித்தான் போக வேண்டும். ரமல்லாவில் ஓவியர்கள் நடத்திய 'கேலரி 79'-ஐ 1980-ல் இஸ்ரேல் ராணுவம் மூடியது. கொடியின் நிறங்களான சிவப்பு, பச்சை, கறுப்பு, வெள்ளையைச் சேர்த்து வரையக் கூடாது என்று ஓர் அதிகாரி சொன்னாராம். பூ வரைந்தால்? அதுவும் கூடாது. தர்பூசணி வரைந்தால்கூடப் பறிமுதல்தான்! ஓவியர் ஸ்லிமான் மன்சூர் பின்னாளில் சொன்ன கதை இது. இன்று தர்பூசணித் துண்டு உலகமெங்கும் பாலஸ்தீனத்தின் அடையாளம். யோசனை கொடுத்தவர் அந்த அதிகாரியே!

1987-ல் முதல் இன்டிஃபாடா எழுச்சி தொடங்கியதும், மன்சூர், நபீல் அனானி, வேரா தமாரி, தைசீர் பரகாத் ஆகிய நால்வரும் இஸ்ரேல் கடைகளில் பெயின்ட் வாங்குவதை நிறுத்தினார்கள். மண், மருதாணி, காபி, தோல் என்று கைக்குக் கிடைத்ததில் வேலை செய்தார்கள். மன்சூர் பூசிய மண் காய்ந்து வெடித்தது. அந்த வெடிப்பையும் ஓவியமாகவே விட்டுவிட்டார்.

பெண்களிடம் அதைவிட எளிய ஆயுதம் இருந்தது. ஊசியும் நூலும். 'தத்ரீஸ்' என்ற பாலஸ்தீன எம்ப்ராய்டரியைப் பார்த்தே உடுத்தியவரின் ஊரைச் சொல்லிவிடுவார்கள் அந்தக் காலத்துப் பாட்டிகள். எழுச்சியின்போது பூவுக்குப் பதிலாகக் கொடியையும் வரைபடத்தையும் உடையில் தைத்தார்கள். கம்பத்தில் ஏறும் கொடியைப் பிடுங்கலாம், பெண் உடுத்தியிருக்கும் அங்கியை எப்படிப் பிடுங்குவது? 2021-ல் தத்ரீஸ் யுனெஸ்கோவின் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்தது.

2023 அக்டோபரில் காஸா போர் தொடங்கியபின் பெத்லகேமுக்குப் பயணிகள் வரத்து அடியோடு சரிந்தது. சுவரை ஒட்டிய அய்தா அகதிகள் முகாமின் வாசல் வளைவில் பிரம்மாண்டமான சாவி ஒன்று இருக்கிறது. 1948-ல் பூட்டிவிட்டு வந்த வீடுகளின் நினைவாகச் செய்தது. அசல் சாவிகளைப் பல குடும்பங்கள் இன்னும் பத்திரமாக வைத்திருக்கின்றன.