மாப்பிள்ளையில் பாதி ஏறலாம்!

திண்டிவனம் என்றால் நம்மில் பல பேருக்கு அது ஒரு பஸ் ஸ்டாப், அவ்வளவுதான். மெட்ராஸிலிருந்து தெற்கே போகிறவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு, ‘என்ன ஊருப்பா இது?’ என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் மறுபடி தூங்கிப் போகிற ஊர். புளியங்காடு என்று அர்த்தமாம். ‘திந்திரிணி’ என்றால் புளி. ஊர்க் கோயில் ஸ்வாமி பெயரே திந்திரிணீஸ்வரர்தான். காடு போய்விட்டது, புளி மட்டும் ஓட்டல் சாம்பாரில் பத்திரமாக இருக்கிறது (இது என் நாக்கின் சொந்த அபிப்பிராயம்!).

அந்த ஊரில் நான் ஒரு விடியற்காலை முழுவதையும் கழித்ததற்குக் காரணம் ஒரு மட்டக்குதிரை.

ஆபீஸ் நண்பன் ஒருவனின் தம்பிக்கு விழுப்புரத்தில் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்குக் குதிரை பேசியிருந்தார்கள். “நீ ஒரு நாள் முன்னாடியே கிளம்பறேல்ல? திண்டிவனத்துல இறங்கி அந்த ஆளைப் பார்த்து பாதிப் பணம் குடுத்துடு. இந்த லிஸ்ட்டையும் குடுத்துடு” என்றான். லிஸ்ட்டைப் பிரித்தேன். குளம்புக்குத் தங்கக் கலர் ஸ்ப்ரே அடிக்க வேண்டும். முகத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் முடியெல்லாம் ஷேவ் பண்ண வேண்டும். உடம்பு பூரா ஜிகினா. கடைசியாக, மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்து வருவார்.

குதிரைக்காரர் வீடு செஞ்சி ரோடு பக்கத்தில் ஒரு சந்தில். அறுபது வயதிருக்கும். நான் போனபோது மணி ஐந்தரை. வைக்கோலை முறுக்கிப் பிரி மாதிரி செய்து, குதிரையின் முதுகில் அடித்து அடித்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். லிஸ்ட்டை நானே படித்துக் காட்டினேன். நிறுத்தாமல் கேட்டுக்கொண்டார்.

“கலர் அடிக்கணுமா? இது இன்னா சார், காம்பவுண்டு சுவரா?” என்றார்.

குதிரை என் நெஞ்சுக்கும் கீழேதான் இருந்தது. செம்பட்டை நிறம், நெற்றியில் வெள்ளைத் திலகம். அந்தியூர்ச் சந்தையில் வாங்கினாராம். ஈரோடு பக்கம் அந்தியூரில் ஆடி மாதம் குருநாதசாமி கோயில் திருவிழா நடக்கும். அதோடு சேர்ந்த சந்தைக்குக் காது இரண்டும் உள்பக்கம் வளைந்து நுனி தொட்டுக்கொள்ளும் கத்தியவார், மார்வார் குதிரைகளிலிருந்து சாதா மட்டம் வரைக்கும் வரும். பெரிய குதிரைக்குப் போட முடியாத காசில் இவர் சின்னதாக ஒன்றைப் பிடித்து வந்திருக்கிறார்.

ஆனால் ஸார், அந்த மினுமினுப்பு! வெயில் இன்னும் வரவில்லை; அதற்குள் அதன் தொடையில் தெரு விளக்கு தெரிந்தது. என்ன ஷாம்பு என்று கேட்டேன். சிரித்தார்.

“சோப்பு போட்டா தோல்ல ஊற எண்ணெய் பூடும் சார். அப்பறம் சாம்பல் பூத்த மாதிரி ஆயிடும். ஒன்றரை மாசமா தினம் ஒரு மணி நேரம் தேய்க்கிறேன். வேற இன்னா?”

தேய்ப்பதற்கும் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் தேங்காய் நாரால் வட்ட வட்டமாக. உதிர்ந்த முடியும் மண்ணும் மேலே வந்துவிடும். அப்புறம் பிரஷ், முடி படிந்திருக்கிற திசையிலேயே. அதற்கப்புறம் வைக்கோல் பிரி; ரத்த ஓட்டத்துக்கு. கடைசியில் பழைய வேட்டித் துணி. பிடரி மயிரைக் கத்தரிப்பதில்லை. விரலாலேயே சிக்கெடுத்து, ரெண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய். ஈக்கு வேப்பிலை மூட்டம்.

சாப்பாடும் மேக்கப்பில்தான் சேர்த்தி. கொள்ளை ராத்திரியே ஊறப்போட்டு, காலையில் வேகவைத்து, கொஞ்சமே கொஞ்சம். மற்றதெல்லாம் அருகம்புல், வைக்கோல். விசேஷத்துக்கு முன்னால் கொழுகொழு என்று காட்ட தானியத்தை அள்ளிக் கொட்டுகிறவர்கள் உண்டாம். மட்டக்குதிரைக்கு அது ஆகாது. குளம்புக்குள்ளே வீக்கம் கண்டு, நிற்க முடியாமல் போய்விடும். இன்னொன்று, குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. உள்ளே போனது போனதுதான். தப்பான தீனி போட்டால் வயிற்று வலியே ஆளைத் தீர்த்துவிடும். (பந்தியில் மூன்றாவது தடவை ஜாங்கிரி கேட்கும் நமக்கு அந்த ஒரு விஷயத்தில் ஆண்டவன் சலுகை காட்டியிருக்கிறான்.)

தங்கக் கலர் விஷயத்துக்கு வந்தேன். காலைத் தூக்கிக் குளம்பைக் காட்டினார். “நம்ம நகம் மாதிரிதான். மேலருந்து கீழ இறங்கும், மாசத்துக்கு அரை விரல் அளவுகூட வராது. இந்த வருஷம் தின்றதுதான் அடுத்த வருஷக் குளம்பு. அதும்மேல பெயின்ட்டை அடிச்சிட்டா வெடிப்பு இருந்தா எனக்கு எப்டித் தெரியும்?”

ஷேவிங் பற்றிச் சொன்னதும்தான் அவருக்குக் கோபம் வந்தது. குதிரையின் மூக்கருகே கையைக் கொண்டுபோனார். மோவாயிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த முரட்டு முடிகள் விரலைத் தொட்டதும் உதடு மட்டும் அசைந்தது. குதிரைக்குக் கண் பக்கவாட்டில். கிட்டத்தட்ட முதுகு வரைக்கும் பார்க்கும். ஆனால் தன் மூக்குக்கு நேர் கீழே இருப்பது மட்டும் தெரியாது. புல்லா, கல்லா, கம்பியா என்று அந்த முடிதான் சொல்ல வேண்டும். “இத வழிச்சா குருடன் கைத்தடியப் புடுங்குன மாதிரி சார்” என்றார்.

அமெரிக்காவில் இதையே ஒரு பெரிய தொழிலாக வைத்திருக்கிறார்கள். ‘மினியேச்சர் ஹார்ஸ்’ என்று தனி ஜாதி. 34 அங்குலத்துக்கு மேல் போனால் சங்கத்தில் சேர்க்க மாட்டார்கள். நம் ஆபீஸ் மேஜையை விட நாலு அங்குலம் அதிகம், அவ்வளவுதான். அவற்றுக்கு அழகுப் போட்டி நடக்கும். போட்டிக்கு முன்னால் உடம்பு பூரா மெஷின் வைத்து முடி வெட்டி, காதுக்குள்ளும் மூக்கைச் சுற்றியும் மழுங்கச் சிரைத்து, எண்ணெய் பூசி, குளம்புக்குக் கறுப்பு பாலிஷ் போட்டுக் கூட்டிவருவது வழக்கம். ‘இதெல்லாம் எதுக்கு, நல்ல தீனியும் பிரஷ்ஷும் போதும்’ என்கிற கட்சியும் அங்கே உண்டு. சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனம் 2021 ஜூலையிலிருந்து, அந்த மீசை முடியைச் சிரைத்த குதிரை தன் போட்டியில் கலந்துகொள்ளக் கூடாது என்று சட்டமே போட்டுவிட்டது. இதைச் சொன்னேன். பெரியவர் பெரிதாக அசரவில்லை. “இப்பத்தான் தெரிஞ்சுதாமா?” என்றார்.

மிச்சமிருந்தது மாப்பிள்ளை.

“எவ்ளோ வெயிட்டு?”

“எழுபத்தி நாலு கிலோ.”

மனசுக்குள் கணக்குப் போட்டார். குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு சுமக்கலாம், சேணத்தையும் சேர்த்து என்பது பொதுவாகச் சொல்லும் அளவு. இது நூற்றெண்பது கிலோ இருக்கும் என்றார். முப்பத்தாறு. “மாப்பிள்ளையில பாதி ஏறலாம் சார். எந்தப் பாதின்னு அவங்களே முடிவு பண்ணிக்கட்டும்!”

ஜோக்கடித்தாரே தவிர, நான் நீட்டிய பணத்தை வாங்கவில்லை. “மொதல்ல போன் பண்ணி ஒத்துக்கிறாங்களான்னு கேளுங்க. ஊர்வலத்துக்கு முன்னாடி நடக்கும், ஆடும், சின்னக் கொழந்த ஏறலாம். மாப்ள ஏறணும்னா வேற எடம் பாத்துக்கச் சொல்லுங்க.” ஆவணி முகூர்த்தம். அந்த மாதத்தில் அவருக்கு இருந்ததே இரண்டு விசேஷம்தான் என்று அவர் மனைவி டீ கொடுக்கும்போது சொன்னார். போனில் நண்பன் ஒரு நிமிஷம் கத்தினான். அப்புறம் வேறு குதிரைக்கு நேரமில்லாததால் ஒத்துக்கொண்டான்.

“விழுப்புரம் தானே? செஞ்சி வழியாப் போங்க சார். கோட்டையில குதிர லாயம் இருக்கு, பாருங்க” என்று அனுப்பினார். செஞ்சி 28 கிலோமீட்டர். 2025 ஜூலையில் மராட்டியக் கோட்டைகளோடு சேர்த்து யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய கோட்டை. லாயம் வளைவு வளைவாக, நிழலும் காற்றோட்டமுமாக இருக்கிறது. என் மேன்ஷன் அறையை விட வசதி. 1714-ல் தேசிங்குராஜா ஆற்காட்டு நவாபின் படையை எதிர்த்து சில நூறு குதிரைக்காரர்களோடு போய் உயிரைவிட்டது இங்கிருந்துதான். அவனுடைய குதிரை பாராசாரிக்கு நாட்டுப்புறக் கதையில் ராஜாவுக்குச் சமமான இடம். 13-ம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இங்கே குதிரைக்குச் சோற்றோடு மாமிசத்தைச் சேர்த்து வேகவைத்துப் போடுகிறார்கள், பார்த்துக்கொள்ளத் தெரியாமல் வருஷா வருஷம் சாகவிட்டு மறுபடி கப்பலில் வாங்குகிறார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார். கப்பல்காரனுக்குக் கொண்டாட்டம்தான்! அருகம்புல் பெரியவர் யாராவது அப்போது அரண்மனைப் பக்கம் போனாரோ என்னவோ.

மறுநாள் சாயங்காலம் விழுப்புரம். பெரியவர் டாடா ஏஸ் வண்டியில் குதிரையோடு பின்னாலேயே நின்றுகொண்டு வந்தார். மஞ்சள் துணி, கழுத்தில் சலங்கை, ஒரு முழம் சாமந்தி. அவ்வளவுதான் அலங்காரம். பேண்டு செட் அடித்ததும் நான் பயந்தேன், அது பயப்படவில்லை. கொள்ளு வைக்கும்போதெல்லாம் பக்கத்தில் தகர டின்னைத் தட்டிப் பழக்கியிருக்கிறார். சத்தம் கேட்டால் சாப்பாடு என்று நினைத்துக் காதை முன்னால் நீட்டிக்கொண்டு ஜம்மென்று நடந்தது. மேலே மாப்பிள்ளையின் அக்கா மகள், நாலு வயசு, ஒரு கையில் பிடரியும் ஒரு கையில் பஞ்சு மிட்டாயும். கார் மாப்பிள்ளையை யாரும் பார்க்கவில்லை.

மண்டபத்து வாசலில் கணக்கு முடிக்கும்போது, ஒரு மாமா ஐந்நூறு ரூபாயைப் பிடித்துக்கொண்டார். “ஜிகினா அடிக்கல, கலர் அடிக்கல, சொன்னது எதுவும் செய்யல” என்றார். பெரியவர் வாதாடவில்லை. நோட்டுகளை எண்ணி மடியில் செருகிக்கொண்டு, குழாயடியில் ஒரு பக்கெட் தண்ணீர் பிடித்தார். ஈரத் துணியால் குதிரையின் மூக்கைத் துடைத்தார்.

“மத்தாப்புப் பொகை சார்” என்றார் என்னிடம். “உள்ள ஏறியிருக்கும்.”

வண்டி கிளம்பும்போது மணி பதினொன்றே கால். அந்த நாலு வயசு மட்டும் தூங்காமல் வாசலில் நின்று டாட்டா காட்டிக்கொண்டிருந்தாள்.