நல்லெண்ணெய் ஆனாலும் அளவோடு

1990களில் வன்னிக்குள் பொருளாதாரத் தடை இருந்தபோது, எண்ணெய் என்றதும் புளியங்குளத்து மக்களுக்கு முதலில் நினைவுக்கு வந்தது மண்ணெண்ணெய்தான். ஜாம் போத்தல் விளக்கில் அதைச் சொட்டுச் சொட்டாக எரித்துப் படித்த தலைமுறை அது. அந்தப் பிள்ளைகளே இன்று பெற்றோர். தமக்குக் கிடைக்காதது தம் பிள்ளைகளுக்குக் கிடைக்கவேண்டும் என்று அவர்கள் எண்ணுவது இயல்பே. பசியை அறிந்த கண்களுக்குப் பிள்ளையின் பருமன் நோயாகத் தெரிவதில்லை, செழிப்பாகவே தெரிகிறது.

இன்று ஏ-9 வீதியோரக் கடைகளில் றோல்ஸ், கொத்துரொட்டி, மென்பானம் யாவும் உண்டு. போர் முடிந்த பின்னரும் 'மிதிவெடி' மட்டும் தின்பண்டமாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது! 2022 ஆம் ஆண்டில் உலகில் 5 முதல் 19 வயது வரையான சுமார் 16 கோடிப் பேர் உடற்பருமன் உடையவர்களாக இருந்தனர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இது பணக்கார நாட்டு நோய் என்று இனியும் ஒதுக்கிவிட முடியாது.

இதற்கு மருந்தாக இப்போது 'நல்ல கொழுப்பு' பேசப்படுகிறது. பேச்சில் உண்மை உண்டு. தேங்காயெண்ணெயில் நூற்றுக்கு 90 பங்களவு நிரம்பிய கொழுப்பமிலங்கள். நல்லெண்ணெயில் 80 பங்குக்கு மேல் நிரம்பாதவை. இரண்டு வயதுக்கு மேற்பட்டோர் உண்ணும் கொழுப்பில் பெரும்பகுதி நிரம்பாத வகையாக இருக்கவேண்டும் என்று அந்நிறுவனம் 2023 இல் அறிவுறுத்தியது. இதனால் பயன்பெறுவது இதயம்.

இடுப்பின் கணக்கு வேறு. எந்தக் கொழுப்பானாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரிதான். றோல்சை நல்லெண்ணெயில் பொரித்தாலும் அது மெலிவதில்லை. எனவே நல்ல எண்ணெய் மற்றதற்குப் பதிலாக வரவேண்டுமே தவிர, மேலதிகமாக வரக்கூடாது.

இதற்கு ஒலிவ் எண்ணெயைத் தேடி அலையவும் வேண்டாம். எள்ளும் கச்சானும் வன்னி மண்ணில் விளைபவை. மீனுக்குக் குளங்கள் உள்ளன. மாலையில் ஒரு பிடி அவித்த கச்சான், அதன்பின் ஒரு மணிநேர விளையாட்டு போதும். வளரும் பிள்ளையைப் பட்டினி போடவும் கூடாது, பருமனைச் சொல்லிக் கேலி செய்யவும் கூடாது.

புலம்பெயர்ந்த உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள். மருமகனின் பிறந்தநாளுக்கு அடுத்தமுறை சொக்லேட் பெட்டி அனுப்பாதீர்கள். அந்தப் பணத்தில் ஒரு காற்பந்து வாங்கச் சொல்லுங்கள்.