சாட்சி சொன்ன சொல்லும் ஏட்டில் ஏறிய சொல்லும்

மன்னார் நீதிமன்றத்தில் ஒரு கடற்றொழிலாளி சாட்சிக் கூண்டில் நின்று சொல்லும் சொல் வழக்கேட்டுக்கு நேராகப் போய்ச் சேர்வதில்லை. நீதிபதி கேட்கிறார். மொழி வேறானால் ‘முதலியார்’ என்று இன்றும் அழைக்கப்படும் நீதிமன்ற உரைபெயர்ப்பாளர் மாற்றிச் சொல்கிறார். சுருக்கெழுத்தாளர் அதைக் குறியீடாக்கி, பின்னர் தட்டச்சில் விரிக்கிறார். மேன்முறையீடு கொழும்புவரை போனால் அந்தப் பிரதி ஆங்கிலமாகிறது. இத்தனை கைகளில் ஒன்றுக்குத் தெரியாத சொல் வந்துவிட்டால் அதைக் கேட்டபடி எழுதலாம். தெரிந்த சொல்லாக மாற்றி எழுதலாம். சாட்சியையே திருப்பிக் கேட்கலாம். இந்தப் பழக்கங்கள் இக்கரைக்கு எங்கிருந்து வந்தன என்று தேடப் போனால், தடம் முதலில் முத்துக்குளிப்பில்தான் அகப்படுகிறது.

மன்னாருக்குத் தெற்கே அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிக் கரைகளில் முத்துக்குளிப்பு நடந்த காலங்களில், சில வாரங்களுக்குள் ஒரு நகரமே எழும்பிக் கலையும். ஆங்கிலேயர் காலத்தில் மரிச்சுக்கட்டி முகாமில் நீதிமன்றமும் சிறைக்கூடமும் மருத்துவமனையும் இருந்தன. கீழக்கரை, தொண்டி, யாழ்ப்பாணம், மலையாளக்கரை, பாரசீக வளைகுடா எனப் பல இடத்துக் குளியாளிகள் வந்து கூடினார்கள். 8 கோடிக்கு மேல் சிப்பி அள்ளப்பட்ட 1905இல் அங்கே தமிழும் அரபும் மலையாளமும் சிங்களமும் ஒரே மணலில் புழங்கின. எழுதிக்கொண்டிருந்த அதிகாரிகளோ ஆங்கிலத்தில் எழுதினார்கள்.

அவர்கள் செய்தது ஒரு வகையில் புத்திசாலித்தனம். ஆங்கிலத்தில் ஈடு இல்லாத சொல்லை ஈடு தேடிக் கெடுக்காமல், காதில் விழுந்தபடி எழுதிவைத்தார்கள். சிப்பி விளையும் கடலடித் திட்டான ‘பார்’, படகை நடத்தும் ‘தண்டல்’, தொழிலுக்குப் பொறுப்பான ‘சம்மாட்டி’ எல்லாம் அரசாங்க அறிக்கைகளில் ஆங்கில எழுத்தில் அப்படியே நிற்கின்றன. ‘பார்’ என்பதன் நெடிலைக் காட்ட ஆங்கில ‘a’ எழுத்தை இரட்டித்து எழுதினார்கள். ஆனால் இந்த முறைக்கும் ஓட்டை உண்டு. சிப்பிகளை எண்ணிப் பிரிக்கும் அடைப்புக்கு அதிகாரிகள் எழுதிய பெயரைத் தமிழில் கொட்டு என்று வாசிப்பதா, கோட்டு என்று வாசிப்பதா? ஆங்கில எழுத்து அதற்கு விடை சொல்லாது. பிற்காலத்தில் எழுத்தாளராகப் பெயர்பெற்ற லெனார்ட் வூல்ஃப் 1906இல் இந்த அடைப்பில்தான் அதிகாரியாக வேலை பார்த்தார். அவர் காதில் விழுந்தது குறிலா நெடிலா என்பதைக் காகிதம் காப்பாற்றவில்லை.

சட்டம் இந்தச் சிக்கலை அறியாமல் இல்லை. 1889ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் குடியியல் நடவடிக்கைமுறைக் கட்டளைச் சட்டம், சாட்சியத்தைக் கேள்வி பதிலாக அன்றி, வழக்கமாகத் தொடர் கூற்றாக எழுதும்படி சொன்னது. ஏட்டில் நிற்பது சாட்சியின் வாய்மொழி மட்டுமல்ல, அதைக் கோத்து எழுதியவரின் நடையும்தான் என்பது இங்கேயே தொடங்குகிறது. அதை ஈடுகட்டுவது போல, 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டம் 49ஆம் பிரிவில் ஒரு கதவைத் திறந்து வைத்தது. ஒரு பகுதியில் அல்லது ஒரு வகுப்பாரிடையே வழங்கும் சொல்லின் பொருள் பற்றி நீதிமன்றம் முடிவுக்கு வர வேண்டியிருந்தால், அதை நன்கறிந்தவர்களின் கருத்து சான்றாகும். எழுத்துமூல ஆவணங்களில் வரும் வட்டார வழக்குக்கும் தொழிற்சொல்லுக்கும் 98ஆம் பிரிவு இதே வழியைத் தருகிறது. இரண்டும் 1872ஆம் ஆண்டின் இந்தியச் சான்றுச் சட்டத்திலிருந்து வந்தவை. சட்டப்படி பார்த்தால், பேசாலைச் சம்மாட்டி ஒருவரை அழைத்து ஒரு வலையின் பெயருக்குப் பொருள் கேட்கலாம். ஆனால் அந்தப் பெயர் ஏட்டில் இருந்தால்தானே கேட்க முடியும்? எழுதுகிறவர் அதை வெறும் ‘வலை’ என்று போட்டுவிட்டால் 49ஆம் பிரிவுக்கு அங்கே வேலையில்லை.

எழுதுகிறவரின் கருவியும் முக்கியம். ஐசக் பிட்மன் 1837இல் வெளியிட்ட சுருக்கெழுத்து ஒலியை எழுதுவது. மெய்களுக்குக் கோடு, உயிர்களுக்குப் புள்ளியும் சிறு கீற்றும். வேகத்தில் உயிர்க்குறிகளை விட்டுவிடுவார்கள். முதல் உயிரை மட்டும், கோடு வரிக்கு மேலா, வரியிலா, வரியைத் துளைத்தா நிற்கிறது என்பதை வைத்து ஊகிக்கலாம். இந்தக் கணக்கில் ‘பேர்’, ‘போர்’ இரண்டுக்கும் உருவமும் இடமும் ஒன்றே. பழகிய சொல்லானால் வாக்கியம் காப்பாற்றும். பழகாத சொல்லை எதுவும் காப்பாற்றாது. அதனால்தான் ஊர்ப்பெயர், ஆட்பெயர், கேள்விப்படாத சொல் வந்தால் உயிர்க்குறிகளை முழுதாகப் போடவும் முடிந்தால் நீட்டெழுத்தில் எழுதவும் சுருக்கெழுத்து மாணவருக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். தமிழுக்குக் கூடுதல் தொல்லையும் உண்டு. மெல்லிய கோட்டுக்கும் தடித்த கோட்டுக்கும் ஆங்கிலத்தில் உள்ள பயன் தமிழில் குறைவு. நமக்கு வேண்டியது ல, ள, ழ வேறுபாடு. தென்றிசைக் காற்றாகிய சோழகம் கரையில் ‘சோளகம்’ என்றே ஒலிக்கும். எந்த எழுத்தைப் போடுவது என்பதைத் தட்டச்சு மேசைதான் தீர்மானிக்கிறது.

வடக்கு, கிழக்கில் தமிழ் நீதிமன்ற மொழியாக இருப்பதற்கு 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு இடம் தந்தது. அதோடு தெரியாத சொல் என்ற தொல்லை தீர்ந்துவிடவில்லை. வேற்றுமொழிச் சிக்கலாக இருந்தது பேச்சுவழக்குச் சிக்கலாக மாறியது. ஒரு சாட்சி இப்படிச் சொல்வதாக வைத்துக்கொள்வோம்: “அவை வந்து உதிலை நிண்டவை. பேந்து சம்மாட்டியைக் கேட்டவை.” வடபுலத்துப் பேச்சில் ‘அவை’ ஆட்களைக் குறிக்கும், ஏட்டுத் தமிழில் அஃறிணைப் பன்மை. ‘உதிலை’ கேட்பவருக்கு அருகே உள்ள இடம்; ‘இங்கே’ என்றோ ‘அங்கே’ என்றோ திருத்தினால் சம்பவ இடமே சில முழம் நகர்ந்துவிடும். எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து ‘சம்மாட்டி’யை ‘முதலாளி’ ஆக்குவது. வள்ளமும் வலையும் அவருடையவை, முற்பணம் தருபவரும் அவர்; ஆனால் தொழிலாளிக்குக் கிடைப்பது பிடிபாட்டில் பங்கு. முதலாளி என்று எழுதியதும் பங்கு சம்பளமாகிவிடுகிறது. பணத் தகராறு வழக்கில் இது சிறு திருத்தமல்ல.

கடல் எல்லை வழக்குகளில் இன்னொரு வகை வருகிறது. எல்லை மீறியதாகப் பிடிபட்டு மன்னார் நீதவான் நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்படும் இராமேசுவரத்து மீனவர் ‘விசைப்படகு’ என்பார். கரையிலுள்ளவர் அதையே ‘றோலர்’, அதாவது இழுவைமடிப் படகு, என்பார். இழுவைமடித் தொழிலைத் தடைசெய்த 2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு, படகுக்குச் சொல்லும் பெயரோடு தொழில்முறையும் ஒட்டிக்கொண்டது. இழுவைமடி போட்டார்களா என்பதே கேள்வியாக இருக்கும் வழக்கில், ‘விசைப்படகு’ என்றவர் சொன்னதை ‘றோலர்’ என்று எழுதினால் பாதித் தீர்ப்பு எழுதியாயிற்று.

நீதிமன்றத்துக்கு வெளியிலும் இதே கதைதான். கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011 சனவரியில் மன்னாரில் அமர்ந்தது. மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு, போரின் இறுதியில் கணக்கில் வராத 1,46,679 பேருக்கு என்ன நேர்ந்தது என்று அங்கே எழுத்தில் கேட்டார். எழுதிக் கொடுத்ததால் அந்த எண் பிசகாமல் உலகெங்கும் போனது. தங்கள் பிள்ளைகளைத் தேடி வந்து வாய்மொழியாகச் சொன்ன தாய்மாருக்கு அந்த வசதி இல்லை. அந்த ஆணைக்குழு அமர்வுகளிலும், 2014இல் வடக்கில் நடந்த காணாமற்போனோர் ஆணைக்குழு அமர்வுகளிலும் உரைபெயர்ப்புத் தரம் குறித்துக் குறைகள் எழுந்தன. ‘காணாமல் போனவர்’ என்பதற்கும் ‘காணாமல் ஆக்கப்பட்டவர்’ என்பதற்கும் இடையே ஒரு குற்றவாளி நிற்கிறார். குடும்பங்கள் இரண்டாவதையே வற்புறுத்துவது அதனால்தான்.

இது மன்னாருக்கு மட்டும் உரிய குறையல்ல. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 27 நீதிமன்றப் பதிவாளர்களிடம் கறுப்பின மக்களின் பேச்சு ஆங்கிலத்தைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. பிழையின்றி எழுதப்பட்ட வாக்கியங்கள் ஏறக்குறைய 60 விழுக்காடு. அவர்களின் தொழில் சான்றிதழ் கேட்கும் துல்லியமோ 95 விழுக்காடு. அதே அமெரிக்கப் பதிவாளர்களிடம் ஒரு நல்ல பழக்கமும் இருக்கிறது. வழக்குக்கு முன்பே சட்டத்தரணிகளிடம் பெயர்களும் துறைச்சொற்களும் அடங்கிய பட்டியல் வாங்கிவிடுகிறார்கள். இடைவேளையில் சாட்சியிடம் எழுத்துக்கூட்டிக் கேட்கிறார்கள். அப்படியும் தெரியாததை ஒலிப்படி எழுதி, அது ஒலிப்படி எழுதப்பட்டதென்று பக்கத்திலேயே குறித்துவைக்கிறார்கள். என் கணிப்பில் அந்தக் குறிப்புதான் மரிச்சுக்கட்டி அதிகாரிகளிடம் இல்லாமல் போனது. சொல்லை அவர்கள் காப்பாற்றினார்கள். அது தங்கள் காதுக்குக் கேட்ட அளவுதான் என்பதைப் பதியவில்லை.

எஞ்சியிருப்பது வாசித்துக் காட்டுதல். எழுதியதைச் சாட்சிக்கு வாசித்துக் காட்டித் திருத்தும் பழைய வழக்கம், தவறாகக் கேட்ட சொல் கொழும்புக்குப் போகுமுன் அகப்படக்கூடிய கடைசி இடம். ஆனால் வாசிப்பவர் ஏட்டுத் தமிழில் வேகமாக வாசிக்கிறார். கேட்பவர் தன் பேச்சுக்குப் பழகியவர். ‘முதலாளி’ என்று காதில் விழும்போது அது தான் சொன்ன சம்மாட்டிதான் என்று எண்ணி, ஓம் என்று தலையாட்டிவிட்டு இறங்கினால், மேன்முறையீட்டில் அந்தத் தலையாட்டலே அவருக்கு எதிராக நிற்கும்.