கத்ரியை எந்தக் காதால் கேட்பது?

சாக்சபோன் என்றதும் மலேசியாவின் கெடாத் தமிழர் பலருக்கு 1994இல் வந்த ‘டூயட்’ படம்தான் நினைவுக்கு வரும். பாலசந்தர் இயக்கி, ரஹ்மான் இசையமைத்த அந்தப் படத்தில் பிரபு வாயில் வைத்திருந்த வாத்தியத்துக்கு உயிர் கொடுத்தவர் கத்ரி கோபால்நாத். அந்தப் புகழே அவருக்கு ஒரு தடையாகவும் ஆகிவிட்டது. படத்தோடு அவரை முடித்துக்கொண்டவர்கள் ஒரு பக்கம். மேல்நாட்டு வாத்தியத்தில் கீர்த்தனை வாசித்த விந்தை மனிதர் என்று மட்டும் எழுதியவர்கள் மறுபக்கம். இரண்டு பார்வையும் அவர் வாசிப்பை அளக்கப் போதாது. அவர் நாகஸ்வரக்காரரின் மகன். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்சபோனைக் கேட்டு மயங்கியவர், அப்பாவின் வாத்தியம் பேசியதையே அதிலும் பேச வைக்க வேண்டும் என்று வருடக்கணக்கில் உழைத்தார். சித்ரா பௌர்ணமிக்கும் தைப்பூசத்துக்கும் நாகஸ்வரமும் தவிலும் கேட்டு வளர்ந்த தோட்டத்துக் காதுதான் அவருக்குச் சரியான அளவுகோல்.

அந்த உழைப்பு எவ்வளவு பெரியது என்பது வாத்தியத்தைக் கிட்டத்தில் பார்த்தால் தெரியும். நாகஸ்வரத்தில் விரல் துளையின் மேலேயே படிகிறது. பாதி மூடலாம், மெல்ல விலக்கலாம், ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகலாம். சாக்சபோனில் விரலுக்கும் துளைக்கும் நடுவில் உலோகச் சாவியும் மூடியும் நிற்கின்றன. அது தனித்தனி ஸ்வரங்களுக்காகச் செய்யப்பட்ட கருவி. கமகம் அதற்கு அந்நியம். ஆகவே அந்த அசைவின் பெரும்பகுதியை உதட்டின் இறுக்கத்திலும் மூச்சிலுமே அவர் கொண்டுவர வேண்டியிருந்தது. அவருடைய ராக ஆலாபனைப் பதிவுகளில் ஒரு நீண்ட ஸ்வரம் மெல்ல வளைந்து மேலேறும் இடத்தைக் கவனியுங்கள். அங்கேதான் அவருடைய வித்தை இருக்கிறது, வேகமான பிருகாக்களில் அல்ல.

நாகஸ்வரத்தைப் போலவே ஒலிக்க வேண்டுமென்றால் நாகஸ்வரத்தையே கேட்டுவிடலாமே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் நாகஸ்வரம் வெளிவீதிக்கும் ஊர்வலத்துக்கும் பிறந்த குரல். கத்ரி வயலினோடு ஒரே மேடையில் உட்கார்ந்து, அதற்குப் பதில் சொல்லி, தணிந்த குரலிலும் பேசினார், வயலின் கலைஞர் ஏ. கன்யாகுமரியோடு அவர் வாசித்தவை அதற்குச் சாட்சி. மிக நுண்ணிய கமகங்களில் சாக்சபோன் முழுமையாகப் பிடிகொடுக்கவில்லை என்ற குறையை நான் மறுக்கமாட்டேன். ஆனாலும் அந்தக் குறையோடு மல்லுக்கட்டியதால்தான் அவருக்கென்று ஒரு தனி நாதம் அமைந்தது.

இதை அமெரிக்காவில் விளங்கிக்கொண்டவர் ருத்ரேஷ் மகந்தப்பா என்ற ஜாஸ் கலைஞர். கத்ரியின் இசைத்தட்டு ஒன்றை அண்ணன் விளையாட்டாகத்தான் அவருக்குக் கொடுத்தார். அவரோ அதைக் கேட்டு அசந்துபோனார். 2008இல் இருவரும் சேர்ந்து ‘கின்ஸ்மென்’ வெளியிட்டார்கள். ஒரே வகை ஆல்டோ சாக்சபோன், இரண்டு மரபுகள், அருகருகே. ஜாஸ் விமர்சகர்கள் அதை மனமாரப் பாராட்டினார்கள். பின்னர் 2015இல், பீபாப் என்ற ஜாஸ் பாணியின் தந்தையருள் ஒருவரான சார்லி பார்க்கருக்காக ‘பேர்ட் கால்ஸ்’ என்ற தொகுப்பையும் மகந்தப்பா கொண்டுவந்தார். 1945இல் பார்க்கர் பதிவுசெய்த இசையையும் அன்றைய விமர்சகர்கள் பலர் முதலில் ஏற்கவில்லை. பழைய நடன இசையின் அளவுகோலை அதன்மேல் வைத்ததே காரணம். கத்ரிக்கு நேர்ந்ததும் ஏறக்குறைய இதுவே.

புதுமைக்காக அவரைப் புகழ்வதும் அவரைத் தள்ளிவைப்பதற்குச் சமம் என்றே நினைக்கிறேன். கத்ரி 2019 அக்டோபரில் மறைந்தார், பதிவுகள் இருக்கின்றன. ‘டூயட்’டை விரும்பியவர்கள் அங்கேயே நின்றுவிடாமல் ‘கின்ஸ்மெ’னைக் கேளுங்கள். அதற்குமுன், பாட்டு தொடங்கும்வரை ஓட்டிவிடாமல், அவருடைய ஆலாபனை ஒன்றை முழுதாகக் கேளுங்கள்.