கடைமடையின் கேள்வி

கல்லணையிலிருந்து புதாற்றின் வழியே வரும் காவிரி நீர், பேராவூரணியை அடையும்போது மெலிந்துவிடுகிறது. மேட்டூர் அணை திறந்த செய்தி கேட்டாலும், வாய்க்காலைக் கண்ட பின்பே நம்புவது கடைமடை மக்களாகிய நமது வழக்கம். வாக்குறுதிகளையும் அவ்வாறே எடைபோடப் பழகிவிட்டோம்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நம் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. மறு ஆண்டு, இளைஞர்கள் முன்னின்று, மக்கள் தந்த பணத்தைக்கொண்டு பெரியகுளத்தைத் தூர்வாரினர். கொடுத்த காசு கரையாக உயர்ந்ததைக் கண்ணால் கண்டோம், நம்பினோம்.

ஆனால் எல்லாரும் அவ்வாறு கண்டதுண்டா? பழைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில், 1968 டிசம்பர் 25 அன்று, கிறிஸ்து பிறப்புப் பெருவிழா இரவில், விவசாயக் கூலிகளின் குடும்பத்தினர் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டனர். வழக்கில் தண்டனை பெற்ற நிலவுடைமையாளர்களை உயர்நீதிமன்றம் பின்னர் விடுவித்தது. 'நீதியை நம்புங்கள்' என்று அம்மக்களிடம் கூற நமக்கு நா எழுமோ?

பிறரை மட்டும் குறைகூறுவானேன்? திருப்பலியில் சமாதானம் பகிரும் நமது தமிழகத் திருச்சபையிலேயே, சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் கொண்ட பங்குகள் உண்டு.

கடைசி வயல் நனைந்தால்தான் தண்ணீர் வந்தது என்போம். நம்பிக்கைக்கும் அதுவே அளவு. நம்மிடையே அந்தக் கடைசி வயல் யாருடையது? கடையரைத் தேடி வந்த ஆண்டவர்முன் இக்கேள்வியோடு நிற்போம்.